முக்கால் மணி நேரத்தில் மரத்துப்போகும் கால்விரல்கள்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 44. ஒரு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். வார நாட்களில் 15 கி.மீ., ஞாயிற்றுக்கிழமைகளில் 50, 60 கி.மீ. போவேன். சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் தாண்டியதும் வலது பாதத்தில் விரல்களுக்கு அடியில் எரிய ஆரம்பிக்கிறது. அப்புறம் மூன்றாவது, நான்காவது விரல்கள் மரத்துப்போகின்றன. இறங்கி ஷூவைக் கழற்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஓட்டப் பயிற்சிக்கான மெத்தென்ற ஷூதான் போடுகிறேன். எரிச்சல் வந்த பிறகு உள்ளே இன்னொரு மெத்தை வைத்தேன், பருத்தி சாக்ஸும் இரண்டு ஜோடி போட்டேன். முன்னைவிட மோசமாகிவிட்டது. ஷூவைப் பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளிப் பெடலும் அதற்கான ஷூவும் வாங்கினால் தீரும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா? இது நரம்புக் கோளாறாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு வரி: ஷூவைக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். இயன்முறை மருத்துவராகச் சைக்கிள் ஓட்டிகளின் பாதங்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். உங்களைப் போல எழுதுபவர்களில் பெரும்பாலோருக்கு நரம்பில் நோய் இருப்பதில்லை. நரம்பு நசுங்குகிறது, அவ்வளவுதான். நசுக்குவதை எடுத்துவிட்டால் அது மீண்டுவிடும்.

எங்கே நசுங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். விரல்களுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஐந்து நீள எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் முனைகள் சேர்ந்துதான் விரல்களுக்கு அடியில் அந்தச் சதைமேடு அமைகிறது. விரல்களுக்குப் போகும் நரம்புகள் இந்த எலும்பு முனைகளின் நடுவே இருக்கும் சந்துகள் வழியாகத்தான் போகின்றன. நடக்கும்போது உடல் எடை குதிகாலில் இறங்கி, பாதம் முழுவதும் உருண்டு, விரல் நுனி வழியாக வெளியேறும். எந்த இடமும் தொடர்ந்து எடையைத் தாங்குவதில்லை. பெடலில் அப்படி உருளல் கிடையாது. ஒரே மேட்டின் மேல், ஒரே கோணத்தில், அழுத்தம் திரும்பத் திரும்ப விழுகிறது. நிமிடத்துக்கு 70 சுற்று என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் ஒவ்வொரு காலுக்கும் 12,600 அழுத்தம். இதற்கு நடுவே பாதம் சூட்டில் வீங்கவும் செய்யும். ஷூ வீங்காது. பக்கவாட்டில் இடமில்லாத ஷூவில் எலும்பு முனைகள் நெருங்கும், சந்து குறுகும், நரம்பு மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே இருக்கும் நரம்புதான் அடிக்கடி இப்படி மாட்டுவது. நீங்கள் சொல்லும் இடமும் அதுவே.

இப்போது நீங்கள் செய்த வைத்தியத்தைப் பாருங்கள். ஏற்கெனவே இடம் போதாத ஷூவுக்குள் ஒரு மெத்தை, அதற்கு மேல் இரண்டு ஜோடி சாக்ஸ். பாதத்துக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விட்டது. வலிக்கிற இடத்தில் மெத்தென்று எதையாவது வைப்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் சைக்கிளில் மரத்துப்போகும் பாதத்துக்குப் பத்தில் எட்டு முறை நான் சொல்வது, உள்ளே இருப்பதில் எதையாவது வெளியே எடுங்கள் என்பதைத்தான். அந்தக் கூடுதல் மெத்தையையும் இரண்டாவது சாக்ஸையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நரம்புக் கோளாறு பற்றிய பயத்துக்கும் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கி அரை மணி, ஒரு மணி ஆகியும் மரத்தது போகவில்லை. சாதாரணமாக நடக்கும்போதும் ஷூவுக்குள் கூழாங்கல்லை மிதிப்பது போல இருக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது இரண்டு பாதமும் எரிகிறது. முதுகிலிருந்து கால் வழியாக வலி இறங்குகிறது. பாதத்தைத் தூக்க வலு இல்லை. விரல்கள் வெளுக்கின்றன அல்லது நீலம் பாரிக்கின்றன: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஷூ கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும். அந்தக் கூழாங்கல் உணர்வைத் தரும் கோளாறுக்கு ‘மார்ட்டன் நியூரோமா’ என்று பெயர். 1876-இல் அதை விவரித்த தாமஸ் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவரின் பெயர்தான் அது. அதே சந்தில் நரம்பைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போவதால் வருவது. ஆரம்பத்தில் அதற்கும் முதல் சிகிச்சை அகலமான ஷூதான் என்பதால், இப்போதே பாதத்துக்கு இடம் கொடுத்துவிடுவது எப்படிப் பார்த்தாலும் நல்லது. சர்க்கரை நோய் உள்ள யாராவது இதைப் படித்தால் ஒன்றைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள்: உங்களுக்கு மரத்துப்போவது இறுக்கத்தால் மட்டும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரல் இடுக்கையும் கண்ணால் பாருங்கள், கொப்புளம் வந்தது தெரியாமலேயே இருந்துவிடும்.

சரி, சாக்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஈரத்தில் ஊறிய தோல் மெத்துப்போகும், உராய்வு கூடும், கொப்புளம் வரும். பாலியெஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ் ஈரத்தை வெளியே கடத்திவிடும். ஒரே ஒரு ஜோடி, மெல்லியது, காலில் ஒட்டி நிற்பது போதும். வாங்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரல் நுனியில் வரும் தையலைத் தடவிப் பாருங்கள். கையில் தட்டுப்படுகிற தையல் மூன்று மணி நேரத்தில் விரலை அறுக்கும். அளவு பெரிதான சாக்ஸ் விரலுக்கு அடியில் மடிந்து சுருளும். சிறியது விரல்களை ஒன்றாகச் சேர்த்து இழுத்துப் பிடிக்கும்; அந்த இழுப்பு லேசாகத் தெரிந்தாலும் நரம்புச் சந்துக்கு அது நல்லதல்ல. குளிர் நாட்களில் தடித்த சாக்ஸ் போடத் தோன்றும். அதே ஷூவில் தடித்த சாக்ஸ் போட்டால் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிட்டுப் போகும். ஷூவுக்கு மேல் உறை போடுவது மேல்.

ஷூவில்தான் உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மாலையில், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓட்டும்போது போடும் சாக்ஸோடு ஒரு வெள்ளைத்தாளின் மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு செய்தால் பாதம் விரியாது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறு யாரையாவது இரண்டு பாதத்தையும் சுற்றி வரையச் சொல்லுங்கள். அப்புறம் ஷூவுக்குள் உள்ளங்கால் படும் அடித்தகடான இன்சோலைக் கழற்றி அந்தப் படத்தின் மேல் வையுங்கள். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் பக்கமோ கோடு இன்சோலுக்கு வெளியே தெரிந்தால், அந்த அளவு பாதத்தை ஷூ ஒவ்வொரு நாளும் உள்ளே தள்ளுகிறது என்று அர்த்தம். வலது பாதத்தின் படம் இடதைவிடப் பெரிதாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நிறையப் பேருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவு இல்லை. ஒரு பக்கம் மட்டும் மரப்பதற்கு நான் முதலில் தேடும் காரணமும் அதுதான். ஷூவைப் பெரிய பாதத்துக்குப் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே நிறையப் பேர் ஒரு தவறு செய்கிறார்கள். அகலம் போதவில்லை என்றதும் ஒரு எண் பெரிய ஷூவை வாங்குகிறார்கள். நீளம்தான் நிறையக் கூடுகிறது, அகலம் கொஞ்சம்தான். குதிகால் உள்ளே ஆடும், பாதம் முன்னால் வழுக்கும், விரல்கள் நுனியில் இடிக்கும். அது போதாதென்று ஷூவின் மிக அகலமான இடமும் உங்கள் பாதத்தின் மிக அகலமான இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். அதே எண்ணில் அகலமான வார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்; பல நிறுவனங்கள் அகலப் பாதத்துக்கென்று தனியாகச் செய்கின்றன. போட்டுக்கொண்டு நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் அரைக் கட்டைவிரல் அளவாவது இடம் வேண்டும், உள்ளே எல்லா விரலையும் தாராளமாக அசைக்க வர வேண்டும்.

அடுத்தது சோல். ஓட்டப் பயிற்சி ஷூ தரையில் குதிகால் மோதும் அதிர்வைத் தாங்கச் செய்தது. சைக்கிளில் அந்த மோதல் இல்லவே இல்லை. மெத்தென்ற நுரை பெடலின் விளிம்பில் அமுங்கி, அந்த விளிம்பின் வடிவம் அப்படியே பாதத்துக்குத் தெரியும். ஷூவின் நுனியையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நடுவில் துணிபோல மடிந்தால் அது சைக்கிளுக்கு ஆகாது. தட்டையான, ஓரளவு விறைப்பான ரப்பர் சோல் அழுத்தத்தை முழு முன்பாதத்துக்கும் பரப்பிவிடும். விறைப்பு நல்லது என்பதால் மிக விறைப்பானது இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பந்தய வீரர்கள் போடும் கார்பன் சோல் சிலருக்கு அந்த மேட்டில் அழுத்தத்தைக் கூட்டவே செய்கிறது. உங்களுடைய தூரத்துக்கு அது தேவையும் இல்லை.

லேஸ் கட்டும் விதம் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது முக்கியம். முன்பக்கத்து ஓட்டைகளில் தளர்வாக விட்டு, கணுக்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டைகளில் மட்டும் பிடிப்பாகக் கட்டுங்கள். குதிகாலை ஷூ பிடித்துக்கொண்டால் போதும், விரல்கள் சும்மா இருக்கட்டும். வலிக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டையில் லேஸைக் குறுக்கே கோக்காமல் தாண்டிவிடலாம். வெல்க்ரோ பட்டையானாலும் திருகினால் இறுகும் வகையானாலும் இதே கணக்குதான்: விரலுக்குப் பக்கத்தில் இருப்பது தளர்வாக இருக்க வேண்டும். உங்களுக்கு இல்லை, ஆனால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மட்டும் மரத்துப்போகிறது என்று சொல்பவர்களுக்கு, பெரும்பாலும் பாதத்தின் மேல்பக்கத்தில் பட்டை அழுத்தி அங்கே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கும். அவர்கள் பாதத்தின் அடியில் எதைச் செய்தாலும் பலனிருக்காது, மேலே தளர்த்தினால் போதும். லேஸின் நுனியை மறக்காமல் உள்ளே செருகிவிடுங்கள், செயினில் சிக்கினால் விழ வைத்துவிடும்.

இன்சோலைப் பொறுத்தவரை, இப்போதைக்கு ஷூவோடு வந்ததே இருக்கட்டும். இடம் கொடுத்த பிறகும் எரிச்சல் மிச்சமிருந்தால், கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சிறிய மேட்டுத்துண்டு வைப்பது உண்டு. அதை வலிக்கிற இடத்துக்கு அடியில் வைக்கக் கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். பின்னாலிருந்து தூக்கினால்தான் எலும்பு முனைகள் விலகிச் சந்து திறக்கும். நேர் அடியில் வைத்தால் நசுக்கல் கூடும். முதல் முறை ஒரு பாத மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ வைத்துக் காட்டுவது நல்லது.

இனி பெடல். கிளிப் பெடல் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். கிளிப் பெடலில் பாதம் எங்கே நிற்க வேண்டும் என்பது ஷூவின் அடியில் திருகிய, பெடலில் மாட்டும் துண்டான கிளீட்டால் முடிவாகிவிடும். சரியான இடத்தில் திருகியிருந்தால் அருமையாக இருக்கும். தவறான இடமென்றால் அந்தத் தவறான இடத்திலேயே ஆயிரக்கணக்கான முறை அழுத்துவீர்கள். எது சரியான இடம் என்பதை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. முதலில் சாதாரணத் தட்டைப் பெடலில் கண்டுபிடியுங்கள். உங்களுடையது சிறிய இரும்புக் கூண்டு போன்ற பெடல் என்றால் மாற்றிவிடுங்கள். சுமார் 10 செ.மீ. அகலமும் நீளமும் உள்ள, வழுக்காமல் இருக்கச் சிறு முளைகள் வைத்த தட்டைப் பெடல் பாதத்துக்கு நல்ல மேடை. அதில் பாதத்தை வைக்கும்போது, நம்மில் பலர் சொல்லிக் கேட்டதுபோல விரல் மேட்டைப் பெடல் அச்சுக்கு நேர் மேலே வைக்காமல், பாதத்தை ஒரு செ.மீ. முன்னால் தள்ளி வையுங்கள். அச்சு மேட்டுக்குப் பின்னால் வரும். அந்த ஒரு செ.மீ. பல பேருக்கு எரிச்சலைப் பாதியாக்கியதை நான் பார்த்திருக்கிறேன். பாதத்தின் நடு வளைவை வைத்து மிதிக்கும் அளவுக்குப் போக வேண்டாம்.

பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதையும் வற்புறுத்தாதீர்கள். மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தால் பெடலிலும் அப்படியே இருக்கட்டும். நேராக வைக்க வேண்டும் என்று திருப்பினால் சுண்டுவிரல் பக்கம் அழுத்தம் ஏறும், முழங்காலும் வலிக்கும். இன்னொரு விஷயம், வலது பெடலை மட்டும் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எப்போதாவது விழுந்ததில் அச்சு லேசாக வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பெடல் சாய்ந்து எழும். ஒரு கால் மட்டும் வலிக்கிறவர்களிடம் இதைக் கேட்காமல் நான் மேலே போவதில்லை.

பின்னாளில் கிளிப் பெடலுக்குப் போவதாக இருந்தால் சில குறிப்புகள். பெயரைக் கேட்டால் குழப்பம் வரும்: ஆங்கிலத்தில் இதைக் ‘கிளிப்லெஸ்’ என்பார்கள், கிளிப் இல்லாதது என்று. பழைய காலத்தில் விரல்களை மூடியிருந்த கூண்டையும் வாரையும்தான் கிளிப் என்றார்கள். அது இல்லாமல் மாட்டிக்கொள்ளும் பெடல் என்பதால் இந்தப் பெயர். லுக் நிறுவனம் தன் பெடலை 1984-இல் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸை வென்றார். கிளீட்டைப் பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் நடுவே அச்சு வருமாறு, முடிந்தவரை பின்னால் தள்ளித் திருகுங்கள். அரை செ.மீ.-க்கு மேல் பின்னால் நகர்த்தினால் சீட்டையும் சில மி.மீ. இறக்க வேண்டியிருக்கும். நகர்த்துவதற்கு முன்னால் பழைய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். குதிகால் கொஞ்சம் இடம் வலம் திரும்ப விடும் வகையை வாங்குங்கள். ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எல் பெடல் வகையில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி விடும், சிவப்பு அசையவே விடாது. புதிதாக ஆரம்பிப்பவருக்குச் சிவப்பு வேண்டாம்.

பாதத்தின் அழுத்தம் கியரிலும் இருக்கிறது. ஒரே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றுவதை 80 ஆக்கினால், ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசை நாலில் ஒரு பங்கு குறையும். கனமான கியரில் இறுக்கி மிதிப்பவர்களின் பாதம்தான் என்னிடம் அதிகம் வருகிறது. ஒரு பல் எளிதான கியருக்கு மாறி, மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் வேகமாகச் சுற்றிப் பழகுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் கால்களுக்குப் பழகிவிடும். சீட் உயரமாக இருந்தாலும் விரல் நுனியால் எட்டி மிதிக்க வேண்டி வரும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் சரியாக நீண்டு நிற்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்போது வழக்கம்போலப் பாதத்தை வைக்கும்போது முழங்காலில் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த ஞாயிறு கூடுதல் மெத்தையையும் இரண்டாவது சாக்ஸையும் எடுத்துவிட்டு, லேஸை முன்னால் தளர்த்திப் போங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு பாதம் நிற்கும் இடத்தையும் கியரையும் மாற்றுங்கள். முக்கால் மணி ஒன்றரை மணியாக நீண்டால் பாதை சரி. தாளில் வரைந்த படம் இன்சோலுக்கு வெளியே தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், ஷூவை முதலிலேயே மாற்றுங்கள். புதியதைத் தேர்ந்தெடுக்க அந்தத் தாளையும் ஓட்டும்போது போடும் சாக்ஸையும் கடைக்கு எடுத்துப்போங்கள்.

வழியில் எரிய ஆரம்பித்தால் மரத்துப்போகும் வரை பொறுக்காதீர்கள். முதல் சூடு தெரிந்ததுமே கியரை எளிதாக்கி, உள்ளே விரல்களை ஐந்தாறு முறை மடக்கி விரியுங்கள். இறக்கத்தில் மிதிக்காமல் உருளும்போது வலது காலின் எடையை இடதுக்கு மாற்றுங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி லேஸை ஒரு பிடி தளர்த்துங்கள். பாதம் வீங்கியிருக்கும் என்பதால் நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இதை எப்படியும் செய்யலாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் அந்த இரண்டு விரல்களும் மரத்தால், நேரில் ஒருவரிடம் பாதத்தைக் காட்டுங்கள், போகும்போது அந்த ஷூவையும் கையோடு கொண்டுபோங்கள்.